நூறு சதவீதத்துக்குள் விடுபட்ட தெரு

குறைதீர் நாளில் கொடுத்த மனு என்ன ஆனது என்று கேட்க, மூன்று பெண்களோடு உள்ளாட்சி அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தோம். விருதுநகர் மாவட்டத்தில்தான். எந்த ஊர் என்பதை இங்கே சொல்லவில்லை. காரணம் பின்னால் வரும். தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்பது மனு. மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் எரிந்து விழுகிறவர் அல்ல. பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அந்த வார்டுக்கு நேராகப் பச்சை நிறத்தில் 100 சதவீதம் என்று இருந்தது.

"உங்க வார்டுல எல்லா வீட்டுக்கும் கனெக்‌ஷன் குடுத்தாச்சும்மா. இதுல பாருங்க."

மூவரில் மூத்தவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எங்க வீட்டுக்குத் தண்ணி வருதுன்னு இதுல இருக்கா சார்? வர்ற தண்ணிய யாரு வீட்டுல பிடிக்கிறாகன்னும் அதுலயே பாத்துச் சொல்லுங்க. அங்க போயி எடுத்துக்கிடுறோம்."

அலுவலரே சிரித்துவிட்டார். ஆனால் திரையில் இருந்த எண் சிரிக்கவில்லை. வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றபோது எங்களுக்குள் ஒரு கேள்விதான் இருந்தது. 100 சதவீதம் என்பது பொய் என்றால் எளிது. பொய் என்று எழுதிப் போராடலாம். பொய்யாக இல்லாவிட்டால்?

அந்தக் கேள்வியின் பின்னால் ஓராண்டுக்கு மேல் அலைந்ததில் கற்றுக்கொண்டதை இந்த வாரம் பகிர்ந்துகொள்கிறோம். மாவட்டத்தில் தலித் குடியிருப்புகளில் வேலை செய்யும் சிறு அமைப்புகள், மன்றங்கள், மகளிர் குழுக்கள் பல இருக்கின்றன. அரசின் எண்களை எடுப்பது எப்படி, எடுத்தபின் யாருக்கும் தீங்கில்லாமல் பயன்படுத்துவது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கான பதில் எளிது. இரண்டாவதில் நாங்களே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறோம்.

அம்பேத்கர் எடுத்த எண்கள்

எண்களெல்லாம் படித்தவர்கள் வேலை, நமக்குப் போராட்டம்தான் என்று சில தோழர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கு 1928-ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு மே 29 அன்று அண்ணல் அம்பேத்கர், பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவின் சார்பில் சைமன் குழுவுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி நிலை பற்றியது அது. அதற்காக அவர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கவில்லை. அரசின் கல்வித்துறை தானே அச்சிட்டு வெளியிட்ட அறிக்கைகளை எடுத்துக்கொண்டார். எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள் என்று அரசின் எண்ணை அரசின் எண்ணோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். சபா 1924-இல் தொடங்கப்பட்ட சிறு அமைப்பு. இன்றைய சொல்லில் ஒரு தொண்டு நிறுவனம். இன்றைய சொல்லில் அவர் செய்ததற்குப் பெயர், திறந்த தரவைப் பயன்படுத்தியது.

அன்று அச்சுப் புத்தகம். இன்று இணையதளம். மத்திய அரசு 2012-இல் தரவுப் பகிர்வுக் கொள்கையை வெளியிட்டு, துறைகளின் அட்டவணைகளை ஒரே தளத்தில் போடத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2022-இல் தனக்கென ஒரு தரவுக் கொள்கை வெளியிட்டது. மாநிலத்துக்கும் திறந்த தரவுத் தளம் இருக்கிறது. பட்டாவும் புலப்படமும் வருவாய்த் துறையின் தளத்தில் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டைக் காசில்லாமல் பதிவிறக்கலாம். இவற்றைப் பயன்படுத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2017-இல் அறிவிக்கப்பட்ட அரசுத் திறந்த தரவு உரிமம் கேட்பதெல்லாம், எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும் என்பதே. அதோடு நாங்கள் இன்னொன்றும் செய்கிறோம். எடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை அப்படியே அச்செடுத்து வைக்கிறோம். திரையில் ஓடும் எண்கள் மாறும். நேற்று என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது.

ஆனால் இந்தத் தளங்களில் நம் தெருவைத் தேடினால் ஒரு கட்டத்தில் கதவு சாத்தியிருக்கும். விருதுநகர் 2018-இல் 'முன்னேற விழையும் மாவட்ட'மாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் நம் மாவட்டமும்தான் அந்தப் பட்டியலில் உள்ளவை. உடல்நலம், கல்வி, வேளாண்மை என்று பல குறியீடுகள் அதற்காக அளக்கப்படுகின்றன. மாவட்டத்துக்கு ஓர் எண். மாவட்ட மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்கள் அந்த எண்ணின் மேலே இருக்கிறார்களா கீழே இருக்கிறார்களா என்பது அதில் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொஞ்சம் இறங்கி வருகிறது. நகரங்களில் வார்டு வாரியாகப் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தலைக்கணக்கு தருகிறது. எத்தனை வீட்டில் குழாய், எத்தனை வீட்டில் கழிப்பறை என்பதும் வார்டு வாரியாக உண்டு. ஆனால் அது எல்லா வீடுகளுக்குமான கணக்கு. பட்டியல் சாதியினரின் வீடுகளில் எத்தனைக்குக் குழாய் என்று தனியாகக் கேட்டால், அந்த அட்டவணை மாவட்ட அளவோடு நின்றுவிடுகிறது.

போதாக்குறைக்கு வார்டுகளே மாறிவிட்டன. 2021-இல் சிவகாசி மாநகராட்சி ஆனது. திருத்தங்கல் அதோடு இணைந்தது. இப்போது 48 வார்டுகள். 2011 கையேட்டில் இருக்கும் வார்டு எண்ணும் இன்று நம் கவுன்சிலர் பலகையில் இருக்கும் வார்டு எண்ணும் ஒன்றல்ல. இதைக் கவனிக்காமல் பழைய எண்ணைப் புதிய வார்டுக்குப் போட்டு அச்சடித்த துண்டறிக்கைகளைப் பார்த்திருக்கிறோம். எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு பிழை போதும், மற்றதையெல்லாம் ஒதுக்கித் தள்ள.

பத்து ரூபாய் வில்லை

திறந்த தரவு நிற்கும் இடத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தொடங்குகிறது. 2005-இல் வந்த இந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே ஒவ்வோர் அலுவலகமும் தன் விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. நடைமுறையில் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தாள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு அதுவும் வேண்டாம். இணையவழியிலும் அனுப்பலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்க அலுவலகத்துக்கு உரிமை இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. அமைப்பின் லெட்டர்பேடில் அனுப்பியிருந்தோம். சட்டம் உரிமை தருவது குடிமக்களுக்கு, அமைப்புகளுக்கு அல்ல. இரண்டாவது முறை தனிநபர் பெயரில் போனது. அந்தத் தனிநபர் யார் என்பதை யோசிக்காமல் முடிவு செய்யக் கூடாது. குழாய் இல்லாத தெருவைச் சேர்ந்தவரையே கையெழுத்துப் போடச் சொல்வது நியாயமாகத் தெரியும். ஆனால் அவர் முகவரி அந்தத் தாளில் இருக்கும். ஒப்பந்ததாரர் கைக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், விண்ணப்பதாரர் விரும்பினால் அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்றது. நாங்கள் வேறு ஊரில் இருக்கும் நண்பர் ஒருவரின் பெயரில் அனுப்பினோம்.

கேள்வியை எப்படி எழுதினோம் என்பதையும் சொல்ல வேண்டும். "ஏன் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் தரவில்லை" என்று எழுதினால் பதில் வராது. 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்ல இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கையில் உள்ள ஆவணத்தைக் கொடுக்கத்தான் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே ஆவணமாகக் கேட்டோம். அந்த வார்டில் உள்ள தெருக்களின் பட்டியல். ஒவ்வொரு தெருவிலும் எத்தனை குடிநீர் இணைப்பு. குழாய் பதித்த ஆண்டு, நீளம். கடைசியாக, 100 சதவீதம் என்பது எந்த மொத்தத்தில் கணக்கிடப்பட்டது என்பதற்கான பதிவேட்டின் நகல்.

முதல் மூன்றும் முதல் மேல்முறையீட்டுக்குப் பின் வந்தன. கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் விடை இருந்தது. மொத்தம் என்று எடுத்துக்கொண்டது, அந்த வார்டில் சொத்துவரி விதிப்பு எண் பெற்ற கட்டிடங்களை. நம் தெருவின் வீடுகள் புறம்போக்கில் இருப்பவை. மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். வரி எண் கிடையாது. ஆக, அந்த வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட்டுவிட்டுக் கொடுத்ததாக யாரும் எழுதவில்லை. அவை வீடுகளாகவே எண்ணப்படவில்லை. 100 சதவீதம் என்பது பொய் அல்ல.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு கசப்பான வேடிக்கை தெரியும். தொகை என்றால் மொத்தம். இலக்கணத்திலோ, தொகை என்றால் இருக்க வேண்டிய உருபு மறைந்து வருவது. வேற்றுமைத்தொகை, உவமைத்தொகை என்று பள்ளியில் படித்தோமே, அது. மக்கள்தொகையிலும் வார்டின் தொகையிலும் மறைந்து நிற்பவர்களை விரித்துக் காட்டும் வேலைதான் எங்களுக்கு வாய்த்தது.

விரிப்பது காலால்தான் நடந்தது. தெருப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தோம். பட்டியலில் இருந்து தரையில் இல்லாத தெரு ஒன்று இருந்தது. தரையில் இருந்து பட்டியலில் இல்லாதவை இரண்டு. குழாய் எந்த முனை வரை வந்து நின்றிருக்கிறது என்று தாளில் கோடு போட்டபோது, அது திரும்பும் இடம் எது என்பதைப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை.

ஜேன்ஸ்வில்லின் வரைபடம்

இப்படி ஒரு கோடு ஒரு வழக்கையே வென்றிருக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற நகரம். அதன் ஓரத்தில் கோல் ரன் என்ற பகுதி; பெரும்பாலும் கறுப்பின மக்கள். பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் கிணற்று நீர் கெட்டுப்போன இடம். ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவர்கள் மழைநீரைப் பிடித்தும், வண்டிகளில் நகரத்திலிருந்து தண்ணீர் சுமந்தும் வாழ்ந்தார்கள். பக்கத்திலேயே வெள்ளையர் வீடுகளுக்குக் குழாய் போயிருந்தது. தூரம், செலவு என்று நிர்வாகம் காரணம் சொன்னது. வட கரோலினாவைச் சேர்ந்த சீடார் குரோவ் என்ற சிறு ஆய்வு அமைப்பு, உள்ளாட்சியின் சொந்தக் குழாய் விவரங்களை வரைபடத்தில் இட்டது. அதன்மேல் எந்த வீட்டில் வெள்ளையர், எந்த வீட்டில் கறுப்பினத்தவர் என்பதை இட்டது. காரணம் தூரம் அல்ல என்பது கண்ணுக்கே தெரிந்தது. 2008 ஜூலையில் நடுவர் குழு 67 பேருக்கு ஏறத்தாழ 1.1 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்புச் சொன்னது.

நம் பக்கத்திலும் உதாரணம் இல்லாமல் இல்லை. சென்னையில் 2010-ஐ ஒட்டித் தொடங்கிய 'டிரான்ஸ்பரன்ட் சென்னை' என்ற குழு, பொதுக் கழிப்பறைகளையும் குடிசைப் பகுதிகளையும் வரைபடமாக்கியது. 1971 குடிசைப் பகுதிச் சட்டத்தின்கீழ் அந்த ஆண்டு 1,202 பகுதிகளும் 1985-இல் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டதோடு சரி. அதற்குப் பிறகு புதிதாக எதுவும் அறிவிக்கப்படாமல் இருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பட்டியலில் இல்லாத பகுதிக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. அந்தக் குழுவை நடத்திய நித்யா ராமன் பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்ற உறுப்பினரானார். உத்தப்புரம் சுவரும் இந்த வரிசையில் சேரும். தீண்டாமை ஒழிப்பு முன்னணி மதுரை மாவட்ட ஊர்களில் நடத்திய கள ஆய்வுதான் அந்தச் சுவரை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

நாங்கள் செய்த தவறு

இனி வழுக்கி விழுந்த கதை. சில ஆண்டுகளுக்கு முன், மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் வீடு வீடாக விவரம் எடுத்தோம். நல்ல நோக்கம்தான். குடும்ப அட்டை, பட்டா, கழிப்பறை, முதியோர் ஓய்வூதியம். கூடவே 'வீட்டில் செய்யும் வேலை' என்று ஒரு கட்டம். அதைத் தெரு வாரியாக அட்டவணையாக்கித் துண்டறிக்கையில் அச்சிட்டோம். பெயர் போடவில்லை, அதனால் பாதுகாப்பு என்று நினைத்தோம். அட்டவணையில் ஒரு சிறு தெருவுக்கு நேராக, 'வீட்டில் செய்யும் வேலை: பட்டாசு' என்று இருந்தது. அந்தத் தெருவில் மொத்தமே சில வீடுகள்தான்.

இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். பட்டாசு ஆலைக்கு உரிமம் வேண்டும். ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு உட்பட்ட சிறு தயாரிப்புக்கு மாவட்ட நிர்வாகத்தின் உரிமம். அதற்கு மேல் போனால் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம். டிஆர்ஓ லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று ஊரில் சொல்வது இவற்றைத்தான். வீட்டில் வெறும் காகிதக் குழாய் உருட்டுவது ஆபத்தில்லாத வேலை. அதில் மருந்து நிரப்புவதும் கருந்திரி செய்வதும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. இந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் வீட்டில் மருந்து இருக்காது.

துண்டறிக்கை போன ஒரு வாரத்தில் அந்தத் தெருவில் சோதனை நடந்தது. ஓர் அக்கா மீது வழக்கு. எங்கள் தாளைப் பார்த்துத்தான் வந்தார்களா, வேறு தகவலா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த அக்கா அப்படித்தான் நினைக்கிறார். "நீங்க எழுதிட்டுப் போனீங்க தம்பி, அவுக வந்துட்டாக" என்றார். மருந்து கொடுத்தவர் எங்கள் அட்டவணையிலும் இல்லை, வழக்கிலும் இல்லை. ஏனென்றால் வீட்டில் இருப்பவரிடம் மட்டும் கேள்வி கேட்கிற கணக்கெடுப்பில் அவருக்குக் கட்டமே கிடையாது.

அப்படியென்றால் எழுதாமலே இருந்துவிடலாமா? அதற்கும் மனம் ஒப்பவில்லை. 2012 செப்டம்பர் 5 முதலிபட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி என்று இந்த மண்ணுக்குத் தேதிகள் இருக்கின்றன. இவை ஆலைகள். அச்சங்குளம் வெடிவிபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று உத்தரவிட்டது. வீட்டுக்குள் வெடித்தால் தீர்ப்பாயம் எங்கே, இழப்பீடு எங்கே? இறந்தவரே குற்றவாளியாகப் பதிவாகும் சாவு அது. தெரிந்தும் சொல்லாமல் இருந்து ஒரு வீடு வெடித்தால் அந்தப் பழியும் நம்மீதுதான்.

பல இரவுக் கூட்டங்கள் இதற்காகவே போயின. முடிவு சொன்னவர்கள் அந்தப் பெண்களே. வீட்டை எழுதாதீர்கள், மருந்து வரும் வழியை எழுதுங்கள் என்றார்கள். ஆலையில் மழைக்காலத்திலும் விபத்துக்குப் பிந்தைய மூடல் நாட்களிலும் கூலி இல்லாதபோதுதான் இந்த வேலை வீட்டுக்கு வருகிறது. அந்த நாட்களை எழுதுங்கள் என்றார்கள். தரவு கேட்கும் திசையே இதனால் மாறிவிட்டது. இப்போது நாங்கள் கேட்பது ஆலைப் பக்கத்து ஆவணங்களை. எத்தனை உரிமங்கள் எத்தனை நாள் இடைநிறுத்தப்பட்டன, உள்குத்தகைக்கு விட்டதாக எத்தனை உரிமங்கள் மீது நடவடிக்கை, விபத்துக்குப் பின் இழப்பீடு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது. இவை வருவாய்த் துறை, வெடிபொருள் அமைப்பு, தொழிலகப் பாதுகாப்பு இயக்குநரகம், காவல்துறை என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே அட்டவணையாகச் சேர்க்கும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. முடிந்தபின் இதே பக்கத்தில் எழுதுவோம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு, வந்த பதிலைக் காட்டி ஆலைக்காரரிடம் பணம் பேசும் ஆட்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஒவ்வொரு முறையும் அந்தச் சந்தேகம் நம்மீதும் விழும். வாங்கிய பதிலை யாருடைய கைப்பையிலும் வைக்காமல், கிடைத்த வாரமே குடியிருப்பில் வாசித்துக் காட்டிவிடுவதுதான் அதற்கு நாங்கள் கண்ட மருந்து.

தவறுக்குப் பின் சில பழக்கங்கள் வந்தன. ஒரு கட்டத்தில் ஐந்துக்குக் குறைவான வீடுகள் வந்தால் அந்த எண்ணை அச்சிடுவதில்லை. பக்கத்துத் தெருவோடு சேர்த்துவிடுகிறோம். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர், சாட்சி இவர்களின் ஊர், வயது, தேதி மூன்றையும் ஒன்றாகப் போடுவதில்லை. ஊரும் தேதியும் தெரிந்தால் பெயர் எதற்கு? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் சேர்த்த 15ஏ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்க நீதிமன்றத்துக்கே வழி தருகிறது. நாம் அதைத் துண்டறிக்கையில் அவிழ்த்துவிடக் கூடாது. முக்கியமாக, அச்சுக்குப் போகும் முன் அட்டவணையை அந்தத் தெருவில் உட்கார்ந்து வாசிக்கிறோம். அவர்கள் அடிக்கச் சொல்வதை அடிக்கிறோம். கட்டுரையின் தொடக்கத்தில் ஊர்ப் பெயர் இல்லாததற்கும் இதுவே காரணம். அந்தத் தெருவின் மூன்று பெண்கள், வழக்கு முடியும் வரை, மன்னிக்கவும், வரி எண் கிடைக்கும் வரை பெயர் வேண்டாம் என்றார்கள்.

பெயர் போனால் கணக்கு எங்கே?

இரண்டு புதிய சங்கதிகள் இந்த வேலையைப் பாதிக்கப் போகின்றன.

ஒன்று சட்டம். 2023-இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொதுநலன் பெரிது என்றால் தனிநபர் விவரத்தையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருங்கிவிட்டது. 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. பொதுநலன் தீங்கைவிடப் பெரிது என்றால் தரலாம் என்கிறது. மேல்முறையீட்டில் அதைத்தான் பிடிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பயனாளிகளின் பெயர்ப் பட்டியலை நாம் கேட்டதில் பாதி தேவையில்லாதது. தெரு வாரி எண்ணிக்கையே போதும். ஆனால் ஒப்பந்ததாரர் பெயரும், துப்புரவு ஒப்பந்தத்தில் எத்தனை பேருக்கு என்ன கூலி என்பதும் தனிநபர் ரகசியம் ஆகிவிடக் கூடாது. சாக்கடை, கழிவுத்தொட்டித் தொழிலாளர்களை மத்திய அரசு கணக்கெடுத்தபோது, 2024-இல் வெளியான விவரப்படி அதுவரை எடுத்த 38,000 பேரில் 68.9 சதவீதத்தினர் பட்டியல் சாதியினர். அந்த எண் வெளியே வந்ததால்தான் பேச முடிகிறது. அதே சட்டம் நமக்கும் கடமை வைக்கிறது. கைப்பேசியில் வீடு வீடாக விவரம் எடுக்கும் சிறு அமைப்பும் ஒப்புதல் வாங்க வேண்டும், எதற்கு என்று அவர் மொழியில் சொல்ல வேண்டும். இந்தக் கடமைகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று பெயர். 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் வலி தெரியும். ஆனால் ஆவணத்தில் தெருவின் பெயர் மாறும்போது, பழைய பெயர் எது, புதிய பெயர் எது என்று இரண்டையும் இணைக்கும் பட்டியல் ஒன்றும் பொதுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 2011-இல் குழாய் இல்லாத தெருவும் இன்று புதிய பெயரில் இருக்கும் தெருவும் ஒன்றுதான் என்று நிரூபிக்கவே ஒரு தலைமுறை அலைய வேண்டும். பெயரோடு சேர்ந்து பாக்கியும் அழிந்துவிடக் கூடாது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 2027 பிப்ரவரியில், சாதியும் எண்ணப்பட இருக்கிறது. அதற்குள் பெயர் மாறும் தெருக்களின் இணைப்புப் பட்டியலை ஒவ்வோர் அமைப்பும் தன் பகுதிக்காவது எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

எங்கள் தெருவுக்கு வருவோம். குழாய் வரைபடத்தையும் வரி எண் விவரத்தையும் சேர்த்துக் கொடுத்த மனுவுக்குப் பின், தெருமுனையில் இரண்டு பொதுக் குழாய்கள் வந்திருக்கின்றன. வீட்டு இணைப்பு இல்லை. அதற்கு வரி எண் வேண்டும். வரி எண்ணுக்கு நிலத்தின் வகைப்பாடு மாற வேண்டும். அந்தக் கோப்பு நகர்கிறது என்கிறார்கள். 2022-இல் வந்த விதிகளின்படி நகரப் பகுதிகளிலும் பகுதி சபை கூட வேண்டும். அண்ணல் பிறந்த ஏப்ரல் 14 அதற்குரிய நாட்களில் ஒன்று. கிராம சபை அளவுக்கு இது இன்னும் பேர் எடுக்கவில்லை என்றாலும், கவுன்சிலர் முன்னால் எண்ணைச் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்ல அங்கே இடம் இருக்கிறது.

அதற்காகத் தெருக் கணக்கை மூன்று நகல் எடுத்திருக்கிறோம். ஒன்று சபைக்கு, ஒன்று எங்கள் கோப்புக்கு. இவை இரண்டிலும் எண்கள் மட்டும். வீட்டுக்காரர்களின் பெயரோடு இருக்கும் மூன்றாவது நகல் அந்தத் தெருவிலேயே இருக்கிறது, அன்று அலுவலரிடம் கேள்வி கேட்ட அந்த மூத்தவரின் டிரங்குப் பெட்டியில், குடும்ப அட்டைக்குக் கீழே.